சத்தத்தைக் கண்டுபிடிக்கவும் கூலி உண்டு

பத்துப் பன்னிரண்டு வருடம் உழைத்த ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் ஒன்று பட்டறைக்கு வருகிறது. வேகம் ஐம்பதைத் தாண்டினால் அடியில் ஊளைச் சத்தம் கேட்கிறது என்கிறார் வண்டிக்காரர். பின் வீல் பேரிங்கை மாற்றுகிறார்கள். சத்தம் அப்படியே இருக்கிறது. புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ்களை மாற்றுகிறார்கள், போகவில்லை. பின் ஹவுசிங்கைப் பிரித்துக் கிரவுன் வீலையும் பினியனையும் புதிதாகப் போடுகிறார்கள். இதற்குள் மூன்று பில் ஆகிவிட்டது. பிறகு ஒரு நாள் காற்றடிக்க நிறுத்தியபோது, முன் டயர்கள் அலை அலையாகத் தேய்ந்து கிடப்பதை டயர் கடைக்காரர் காட்டுகிறார். முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டதும் சத்தமும் இடம் மாறுகிறது.

மலையடிவார ஊர்களில் வண்டி வைத்திருக்கும் யாருக்கும் இந்தக் கதை புதிதாக இருக்காது. மெக்கானிக்குக் கைவராத வேலை இதில் எதுவும் இல்லை. பேரிங் சரியாகவே ஏற்றப்பட்டது, கிராஸ் சரியாகவே அடிக்கப்பட்டது. நடக்காமல் போன வேலை ஒன்றுதான்: வண்டியை ஓட்டிப் பார்த்து, சத்தம் எங்கே பிறக்கிறது என்று முடிவு கட்டுவது. அந்த வேலைக்கு நம் ஊர்ப் பட்டறைகளில் பெரும்பாலும் பில் போடுவதில்லை. பில் போட முடியாத வேலையில் எந்த மெக்கானிக்கும் அரை நாளைச் செலவிட முடியாது. பாகத்தை மாற்றினால்தான் அவருக்குக் காசு. ஆகவே பாகம் மாற்றப்படுகிறது. பழைய ஃபோர் வீல் வண்டிகளில் பணம் வீணாவதற்கு முதல் காரணம் இந்த ஏற்பாடுதான்.

இந்த வண்டிகளுக்கு வயதாகிக்கொண்டே வருகிறது. ஸ்கார்பியோ கெட்அவே, டாடா ஜெனான், பொலேரோ கேம்பரின் ஃபோர் வீல் ரகம் எல்லாம் ஏற்றமும் சேறும் உள்ள இடங்களுக்காக வாங்கப்பட்டவை. சுகமாக ஓடியவை அல்ல. 2016-இல் ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டி ஆலையிலிருந்து வந்த இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸின் முதல் வண்டிகளும் பழைய வண்டிகளின் வரிசையில் சேர்ந்துவிட்டன. இலங்கையில் ‘டபுள் கேப்’ என்று அழைக்கப்படும் டொயோட்டா ஹைலக்ஸ்களில் அதைவிட மூத்தவை உண்டு. கெட்அவே இப்போது தயாரிப்பிலேயே இல்லை. உதிரிபாகத்துக்கு ஊர் ஊராக அலைய வேண்டிய வண்டியில், பழுதில்லாத பாகத்தைக் கழற்றி எறிவது இரட்டை நஷ்டம்.

சாதாரண பிக்கப்பில் இன்ஜினின் விசை கிளட்ச், கியர் பாக்ஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட், பின் ஹவுசிங் என்று ஒரே வழியில் போகிறது. ஃபோர் வீலில் கியர் பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று இன்னொரு பெட்டி இருக்கிறது. அங்கிருந்து முன்னால் போகும் ஒரு ஷாஃப்ட், முன் டிஃபரன்ஷியல், இரண்டு முன் ஆக்சில்கள், அவற்றின் சி.வி. ஜாயிண்ட்கள், சக்கரத்தைப் பூட்டவும் விடுவிக்கவும் ஓர் அமைப்பு என்று தேயக்கூடிய இடங்கள் பெருகிவிடுகின்றன. எல்லாம் ஒரே இரும்புச் சட்டத்தோடு பிணைந்திருப்பதால் சத்தம் சட்டத்தின் வழியே ஓடி வேறெங்கோ வெளிப்படும். முன் ஹப்பில் பிறந்த உறுமல் சீட்டுக்கு அடியில் கேட்கும். காது காட்டும் திசையை மட்டும் நம்பி ஸ்பேனரை எடுத்தால் அடிக்கடி ஏமாற வேண்டியிருக்கும்.

ஸ்கேனரும் இங்கே கைகொடுக்காது. இன்ஜினில் ஒரு சென்சார் பழுதானால் அது கோடு எண்ணைக் காட்டிவிடும். கிரவுன் வீலின் பல் தேய்ந்ததையோ கிராஸ் காய்ந்து போனதையோ சொல்ல அங்கே எந்தச் சென்சாரும் இல்லை. மெஷின் வந்துவிட்டது, இனி காது எதற்கு என்ற எண்ணம் இளம் மெக்கானிக்குகள் சிலரிடம் இருக்கிறது. வண்டியின் அடிப்பாகத்தைப் பொறுத்தவரை அது தவறு.

சத்தம் எந்த நிலையில் வருகிறது என்று கவனித்தால் எவ்வளவு மிச்சமாகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓடும் ஃபோர்டு எஃப்-150 நல்ல சாட்சி. 2004 முதல் வந்த அதன் ஃபோர் வீல் ரகத்தில் முன் சக்கரங்களை ஆக்சிலோடு இணைப்பதும் பிரிப்பதும் வாக்குவத்தின் வேலை. இரு சக்கர இழுவையில் ஓடும்போது, இன்ஜினிலிருந்து வரும் வாக்குவம் ஹப்பில் உள்ள பற்களை விலக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். வாக்குவத்தை நிறுத்தினால் ஸ்பிரிங் தள்ளி, பற்கள் பூட்டிக்கொள்ளும். இந்தக் குழாய் வழியில் காற்றை ஒரு திசையில் மட்டும் விடும் சின்ன வால்வு ஒன்று உண்டு. அது கெட்டுப்போனால் சமதரையில் ஒன்றும் தெரியாது. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிக்கும்போது இன்ஜினில் வாக்குவம் குறையும். பற்கள் அரைகுறையாக நகர்ந்து ஒன்றோடொன்று உரசும். முன் சக்கரத்தில் இரும்பை அரைப்பது போலக் கரகரவென்று சத்தம் எழும். மிதியை விட்டால் நின்றுவிடும்.

இந்தச் சத்தத்துக்காக ஹப் பேரிங்கையும் ஆக்சிலையும் மாற்றிய உரிமையாளர்கள் அங்கே ஏராளம். உண்மையில் மாற்ற வேண்டியது இன்ஜின் அறையில் இருக்கும் விரல் நீள வால்வு, அல்லது தண்ணீர் இறங்கிக் கெட்டுப்போன சோலனாய்டு. ஃபோர் வீலைப் போட்டுப் பார்த்திருந்தால் பற்கள் முழுதாகப் பூட்டிச் சத்தம் நின்றிருக்கும். பேரிங்கில் குறையில்லை என்பது அப்போதே தெரிந்திருக்கும்.

டொயோட்டா டகோமாவின் கதையும் இப்படித்தான். 2005-இல் வந்த இரண்டாம் தலைமுறை வண்டிகளில் பலவற்றில், மணிக்கு 55 முதல் 90 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்கம் அதிர்வோடு கூடிய உறுமல் கேட்டது. டயர் மாற்றினார்கள், அலைன்மென்ட் பார்த்தார்கள், ஹப் பேரிங் மாற்றினார்கள். காரணம் முன் டிஃபரன்ஷியலில் டிரைவர் பக்கத்து ஆக்சிலைத் தாங்கும் ஊசி பேரிங். இரு சக்கர இழுவையில் ஓடும்போது அந்த ஆக்சில் பளு ஏதும் இல்லாமல் சும்மா சுழல்கிறது. பேரிங்கில் இருக்கும் இடைவெளியில் அது ஆடுகிறது. ஃபோர் வீலைப் போட்டதும் பளு ஏறி ஆக்சில் நிலைப்பட, அதிர்வு மறைகிறது. அங்கே ஒரு கியர் பட்டறை அந்தப் பேரிங்குக்குப் பதிலாக வெண்கலப் புஷ் ஒன்றைச் செய்து தந்தது. பல வண்டிகளில் குறை அத்தோடு தீர்ந்தது. ஃபோர் வீலை ஒரு தடவை போட்டுப் பார்ப்பதுதான் இதில் முதல் பரிசோதனை. செலவு ஒன்றும் இல்லை.

சத்தம் தேடும் வேலை டயரிலிருந்துதான் தொடங்க வேண்டும். தார்ச் சாலையிலிருந்து சிமெண்ட் சாலைக்கு ஏறியதும் ஒலி மாறினால் அது டயர். கியரும் பேரிங்கும் சாலையின் மேற்பரப்பைக் கண்டுகொள்வதில்லை. சேற்றுக்கென்று வாங்கிய பெரிய கட்டை டயர்கள் இயல்பாகவே உறுமும். பாதி தேய்ந்த பிறகு அந்த உறுமல் வீல் பேரிங் போவது போலவே இருக்கும். டயர்களை முன்பின் மாற்றி ஓட்டிப் பார்க்காமல் ஹப்பைத் தொடவே கூடாது.

டயர் இல்லை என்று உறுதியானால் அடுத்து இன்ஜினை விலக்க வேண்டும். நின்ற இடத்தில் இன்ஜினை முறுக்கினால் அதே சத்தம் வருகிறதா? வராவிட்டால் சமமான, நேரான, ஆளில்லாத சாலையில் அறுபதில் ஓட்டி, ஒரு கணம் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து கேட்க வேண்டும். மலைப்பாதையிலோ இறக்கத்திலோ இதைச் செய்யவே கூடாது. பிரேக் மட்டுமே துணையாக இருக்கும் நிலை அங்கே உயிருக்கு ஆபத்து. நியூட்ரலிலும் சத்தம் தொடர்ந்து, வண்டியின் வேகத்தோடு ஏறி இறங்கினால், அது கியர் பாக்ஸுக்குப் பின்னால் சுழலும் ஏதோ ஒன்றில் இருக்கிறது. கிளட்ச் பக்கத்துச் சத்தங்களை இன்னும் எளிதாகப் பிரிக்கலாம். வண்டி நியூட்ரலில் நிற்கையில் கிளட்ச்சை மிதித்தால் வரும் சத்தம் ரிலீஸ் பேரிங். மிதித்தால் அடங்கி, காலை எடுத்தால் வருவது கியர் பாக்ஸின் உள்ளே நுழையும் ஷாஃப்ட்டின் பேரிங்.

அதற்குப் பிறகுதான் நுட்பமான பகுதி. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது, சமமாகப் பிடிக்கும்போது, முழுதாக விடும்போது என்று மூன்று நிலையிலும் சத்தத்தைக் கேட்க வேண்டும். கிரவுன் வீலின் பல் இழுக்கும்போது ஒரு முகத்திலும், இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தும்போது மறு முகத்திலும் அழுந்துகிறது. ஆகவே பல்லில் பிறக்கும் ஊளை மிதிக்கேற்ப மாறும்: இழுக்கும்போது பாடி, விட்டதும் அடங்கினால் பல் தேய்மானத்தைச் சந்தேகிக்க வேண்டும். மிதியை விட்டதும் ஊளை கிளம்பினால் பினியன் பேரிங் தளர்ந்திருப்பதற்கு வாய்ப்பு அதிகம். மிதியைப் பற்றிக் கவலைப்படாமல் எல்லா நிலையிலும் ஒரே மாதிரி உறுமிக்கொண்டிருப்பது பெரும்பாலும் பேரிங். இடப்பக்கம் வளைக்கும்போது உறுமல் கூடி, வலப்பக்கம் வளைக்கும்போது குறைந்தால் வலது சக்கரத்தைப் பார்க்க வேண்டும். வளைவில் எடை வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல்தான் சாய்கிறது. ஓட்டி நிறுத்தியதும் நான்கு ஹப்பிலும் வெப்பத்தை அளந்தால் கெட்ட பேரிங் உள்ள ஹப் மற்றவற்றைவிடச் சூடாக இருக்கும். கையால் தொடாமல் தூரத்திலிருந்தே வெப்பம் அளக்கும் கருவி இப்போது எந்தப் பட்டறையும் வாங்கக்கூடிய விலையில் கிடைக்கிறது.

ஒலியின் சுருதியிலும் தகவல் இருக்கிறது. பழைய ஹைலக்ஸ்களில் வந்த பின் ஹவுசிங் விகிதங்களில் ஒன்று 4.1. கிரவுன் வீலில் 41 பல், பினியனில் 10 பல். டயரின் விட்டம் 72 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 2.26 மீட்டர் நகரும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 7.4 முறை சுற்றுகிறது. புரொப்பல்லர் ஷாஃப்ட் அதைப்போல 4.1 மடங்கு, அதாவது நொடிக்கு 30 முறை. பல்லும் பல்லும் சந்திப்பது நொடிக்குச் சுமார் 300 முறை. இடுப்பில் உணரும் ‘தடதட’ நொடிக்கு ஏழெட்டு என்றால் டயரையும் சக்கரத்தையும் பார்க்க வேண்டும். முப்பது என்றால் ஷாஃப்ட்டின் சமநிலை. முந்நூறில் கேட்கும் மெல்லிய ஊளை கிரவுன் வீலும் பினியனும் சேரும் இடத்தில் பிறப்பது. ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் செயலிகள் செல்போனுக்கு இலவசமாகவே கிடைக்கின்றன. பக்கத்து சீட்டில் ஒருவர் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், சந்தேகப்பட வேண்டிய இடங்கள் ஒன்றிரண்டாகச் சுருங்கிவிடும். தேய்ந்த பேரிங் இந்தக் கணக்கில் சுத்தமாக விழாமல் பல ஒலிகளைக் கலந்து தரும். அதுவே அதன் அடையாளம்.

கிராஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிராஸ் உள்ள யூனிவர்சல் ஜாயிண்ட் கோணத்தில் வேலை செய்யும்போது மறுபக்க ஷாஃப்ட் ஒரே சீராகச் சுழல்வதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறைகிறது. 15 டிகிரி கோணத்தில் இந்த ஏற்ற இறக்கம் மூன்றரை சதவீதம் அளவுக்கு இருக்கும். ஷாஃப்ட்டின் இரு முனையிலும் கோணம் சமமாக இருந்தால் ஒன்று மற்றொன்றைச் சரிக்கட்டிவிடும். பாரம் தாங்குவதற்காகப் பின்னால் கூடுதல் பட்டை போட்ட வண்டிகளில் இந்தச் சமன்பாடு குலைகிறது. வெறும் வண்டியாக ஓடும்போது அதிர்வும், லோடு ஏற்றியதும் அமைதியும் இருந்தால் முதலில் பட்டையையும் கோணத்தையும்தான் பார்க்க வேண்டும். அங்கே புதுக் கிராஸ் போட்டுப் பயனில்லை. மெதுவாக நகரும்போது சக்கரத்தைவிட வேகமான தாளத்தில் ‘கீச் கீச்’ என்று கேட்பது கிரீஸ் வற்றிய கிராஸ். மூடிகளின் ஓரத்தில் சிவந்த துருப்பொடி தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். கியரை ரிவர்ஸிலிருந்து முன்னுக்கு மாற்றும்போது அடியில் ‘டக்’கென்று அடிப்பதும் கிராஸ் ஆட்டமாக இருக்கலாம், ஷாஃப்ட்டின் நழுவும் பகுதி காய்ந்திருந்தாலும், இன்ஜின் மவுண்டிங் ரப்பர் போயிருந்தாலும், ஹவுசிங்கில் ஆட்டம் கூடியிருந்தாலும் அதே ‘டக்’ வரும். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் ஷாஃப்ட்டைக் கையால் முறுக்கிப் பார்த்தால் ஆட்டம் எங்கே என்று சில நிமிடங்களில் புலப்பட்டுவிடும்.

ஃபோர் வீல் வண்டிக்கே உரிய பரிசோதனைகள் சில உண்டு, அவை மிக அழகானவை. கையால் பூட்டும் ஹப் உள்ள பழைய வண்டியில் இரண்டு ஹப்பையும் விடுவித்துவிட்டால் முன் ஆக்சில், முன் டிஃபரன்ஷியல், முன் ஷாஃப்ட் எதுவும் சுழலாது. சக்கரமும் அதன் பேரிங்கும் மட்டும் சுழலும். அப்படியே ஓட்டிக் கேட்க வேண்டும். பிறகு லீவரை இரு சக்கர இழுவையிலேயே வைத்து, ஹப்பை மட்டும் பூட்டி ஓட்ட வேண்டும். இப்போது முன்பக்கம் எல்லாமே பளு இல்லாமல் சுழல்கிறது. புதிதாக ஒரு சத்தம் சேர்ந்தால் அது முன்பக்கத்துச் சொத்து. எதுவும் மாறாவிட்டால் முன்பக்கத்தின் பெரும்பகுதியை மறந்துவிட்டுப் பின்னால் போகலாம். ஹப் பூட்டு இல்லாத வண்டியிலும், தேவைப்படும்போது மட்டும் ஃபோர் வீல் போடும் வகையாக இருந்தால், முன் ஷாஃப்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பார்க்க முடியும். சில போல்ட்களும் ஒரு மணி நேரமும்தான் செலவு.

ஃபோர் வீலில் போட்டு மண் தரையில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமடிக்கும்போது ‘கடக் கடக்’ என்று தாளம் கட்டினால் சி.வி. ஜாயிண்ட். நேராக ஏற்றம் ஏறும்போது மட்டும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஏதோ தாண்டிக் குதிப்பது போன்ற அடி கேட்டால், செயின் உள்ள வகையில் செயின் நீண்டிருக்கும். லோ ரேஞ்சில் வரும் லேசான ஊளை பல வண்டிகளுக்கு இயல்பு. அதற்காகப் பெட்டியைப் பிரிப்பது வீண்.

பழுதே இல்லாமல் வரும் சத்தமும் உண்டு. நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியை உலர்ந்த தார்ச் சாலையில் ஃபோர் வீலில் போட்டு வளைத்தால், முன் சக்கரங்கள் ஓட வேண்டிய தூரமும் பின் சக்கரங்கள் ஓட வேண்டிய தூரமும் வேறுபடும். விட்டுக்கொடுக்க இடமில்லாமல் ஷாஃப்ட்கள் முறுக்கேறும். வண்டி துள்ளும், ஸ்டியரிங் கனக்கும், அடியில் படபடவென்று அடிக்கும். இதைப் பழுது என்று பட்டறைக்குக் கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள். வழுக்காத சாலையில் ஃபோர் வீல் போடக் கூடாது என்பதை வண்டி விற்பவர் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். முன்னால் புது டயர், பின்னால் தேய்ந்த டயர் என்று போட்டிருந்தால் நேர்ச் சாலையிலேயே இந்த முறுக்கு ஏறும். இரண்டிரண்டாக டயர் மாற்றும் நம் பழக்கம் ஃபோர் வீல் வண்டிக்கு ஆகாது.

பழுது பார்த்ததால் வரும் சத்தங்களைப் பற்றிப் பட்டறைகள் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும். ஷாஃப்ட்டைக் கழற்றும்போது இரண்டு பாதிகளிலும் அடையாளம் போடாமல், திரும்ப மாட்டும்போது ஓரிரு பல் தள்ளி மாட்டினால் இரு முனைக் கிராஸ்களும் ஒரே நேர்கோட்டில் நிற்காது; முன்பு இல்லாத அதிர்வு அன்றே தொடங்கும். பல ஹவுசிங்குகளில் பினியன் நட்டின் இறுக்கத்தை உள்ளே நசுங்கும் ஒரு குழல் தீர்மானிக்கிறது. ஆயில் சீல் மாற்றிவிட்டு நட்டைப் பலம்கொண்ட மட்டும் இறுக்கினால் குழல் மேலும் நசுங்கி, பேரிங்கின் மேல் தேவைக்கு மீறிய அழுத்தம் விழுகிறது. சின்ன ஆயில் கசிவுக்காக வந்த வண்டி கொஞ்ச நாளில் ஊளையோடு திரும்பி வருவதற்கு இது ஒரு காரணம். கிரவுன் வீலும் பினியனும் தொழிற்சாலையில் ஜோடியாகத் தேய்த்துச் சேர்க்கப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது, இரண்டு ஜோடியைக் கலக்கக் கூடாது. பழைய ஹைலக்ஸின் 8 அங்குல கிரவுன் வீலில் பற்களுக்கு இடையே விட வேண்டிய ஆட்டம் 0.13 முதல் 0.18 மில்லிமீட்டர் வரைதான். டயல் கேஜ் இல்லாமல், பல்லில் சாயம் தடவிப் பதிவு பார்க்காமல், கை மதிப்பில் அதை அமைத்துவிட முடியாது. இந்தக் கருவிகள் இல்லாத பட்டறை ஹவுசிங்கைத் திறக்காமல், அவை உள்ள இடத்துக்கு அனுப்பிவைப்பதே நேர்மை.

தண்ணீர் இன்னொரு பெரிய எதிரி. நீண்ட தூரம் ஓடிச் சூடான ஹவுசிங் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிர்கிறது. உள்ளே காற்று சுருங்குகிறது. மேலே இருக்கும் பிரீதர் சேறு அடைத்துக் கிடந்தால், அந்தச் சுருக்கம் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் வெள்ளம் வந்தபோது வண்டிகள் மூழ்கிக் கிடந்தன. அப்படி மூழ்கிய வண்டியில் இன்ஜின் ஆயிலை உடனே மாற்றுவார்கள். இரண்டு ஹவுசிங்கையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் நினைக்காமல் விட்டால், பால் நிறத்துக்கு மாறிய கியர் ஆயிலில் பேரிங்குகள் துருப்பிடித்து, வெள்ளத்தை எல்லோரும் மறந்துபோன பிறகு உறுமத் தொடங்கும். வண்டி கடைசியாக எப்போது தண்ணீரில் இறங்கியது என்று மெக்கானிக் கேட்க வேண்டியது இதற்காகத்தான்.

ஆயிலை இறக்கும் நட்டு தானாகவே ஒரு சாட்சி. அதில் காந்தம் இருந்தால், ஒட்டியிருக்கும் சாம்பல் நிற மைபோன்ற படிவு வயதான வண்டிக்கு இயல்பு. கண்ணுக்குத் தெரியும் செதில்களும் பல்லின் துணுக்குகளும் இருந்தால் ஹவுசிங்கைத் திறந்தே ஆக வேண்டும். எத்தனை பிக்கப்கள் வாங்கிய நாளிலிருந்து கியர் ஆயில் மாற்றப்படாமலே ஓடுகின்றன என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. எந்த ரக ஆயில் என்பதையும் கையேட்டைப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். ஹவுசிங்குக்கு ஏற்ற ஜிஎல்-5 ஆயில், பித்தளை வளையங்கள் உள்ள எல்லா கியர் பாக்ஸுக்கும் ஏற்றதல்ல.

சில சத்தங்களுக்குக் காத்திருக்க நேரமில்லை. ஆட்டம் கண்ட கிராஸ் ஓடும்போது உடைந்து, ஷாஃப்ட்டின் முன் முனை சாலையில் குத்தினால் வண்டி கவிழலாம். பினியன் பேரிங் சிக்கிக்கொண்டால் பின் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவில், முதுகில் லோடோடு இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ‘சத்தம்தானே, ஓடுற வரைக்கும் ஓடட்டும்’ என்று தள்ளிப்போடும் வண்டிக்காரரும், கண்டுபிடிக்காமல் பாகம் மாற்றும் பட்டறையும் ஒரே ஆபத்தை இரண்டு பக்கமிருந்து வளர்க்கிறார்கள். மூன்று பாகத்தை மாற்றியும் சத்தம் போகவில்லை என்றால் வண்டிக்காரர் அதோடு பழகிப்போய்விடுவார். உண்மையான பழுது அதற்குள் முற்றிவிடும்.

ஆகவே கூலி விஷயத்துக்கு வர வேண்டும். மருத்துவரிடம் போனால் மருந்துச் சீட்டு எழுதாவிட்டாலும் பார்த்ததற்குக் கட்டணம் கொடுக்கிறோம். மெக்கானிக் வண்டியை எடுத்துப் பத்து கிலோமீட்டர் ஓட்டி, லிஃப்டில் ஏற்றி, ஷாஃப்ட்டைக் கழற்றிப் பார்த்து, ‘ஹவுசிங் நல்லாத்தான் இருக்கு’ என்று சொன்னால், ‘ஒண்ணும் மாத்தலையே, அப்புறம் எதுக்குக் காசு?’ என்கிறார் வண்டிக்காரர். ஹவுசிங் நன்றாக இருக்கிறது என்ற அந்த ஒரு வாக்கியம் அவருக்குப் பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தியிருக்கிறது. அதற்கு விலை இல்லை என்று நினைப்பதுதான் பட்டறைகளைப் பாகம் விற்கும் கடைகளாக மாற்றியிருக்கிறது.

வண்டிக்காரரின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு கண்டுபிடிக்காமல் விட்டால் என்ன செய்வது? இதற்கு வழி எழுத்துதான். என்ன பரிசோதனைகள் செய்யப்பட்டன, எவை சரியாக இருக்கின்றன, எது சந்தேகம் என்று ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். அந்தத் தாளோடு அவர் வேறு பட்டறைக்குப் போனாலும் வேலை முதலிலிருந்து தொடங்காது. அங்கேயே பழுது பார்த்தால் கண்டுபிடிப்புக் கூலியில் ஒரு பகுதியைக் கடைசிப் பில்லில் கழிக்கலாம். கழற்றிய பழைய பாகத்தை உரிமையாளரின் கண்முன் வைத்து, எங்கே தேய்ந்திருக்கிறது என்று காட்ட வேண்டும். காட்ட முடியாத தேய்மானத்துக்குப் பாகம் மாற்றியிருக்கக் கூடாது.

பாகங்களைச் சேர்த்து மாற்றுவது எப்போதும் தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. ஹப்பைத் திறந்தால் பேரிங்கோடு சீலையும் மாற்றுவது அறிவு. அதே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டியதில்லை. முதலில் சத்தம் அந்த ஹப்பில்தான் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

காது பழகுவதற்கும் பயிற்சி தேவை. ஸ்க்ரூடிரைவரின் முனையை ஹவுசிங்கில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்கும் மூத்த மெக்கானிக்குகளிடம் இந்த அறிவு இருக்கிறது. அவர்களோடு அது போய்விடக் கூடாது. ஐ.டி.ஐ.களின் மோட்டார் மெக்கானிக் வகுப்பில், பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் இரண்டு ஹவுசிங்குகளை வாங்கி, ஒன்றில் நல்ல பேரிங்கும் மற்றொன்றில் தேய்ந்த பேரிங்கும் போட்டு, மின் மோட்டாரால் சுழற்றி மாணவர்களைக் கேட்கச் செய்யலாம். எந்தப் பாகத்தில் என்ன சத்தம் என்பதை ஒரு முறை காதால் கேட்டவருக்கு அது மறக்காது. பாகங்களில் கவ்வ வைத்து, ஓடும்போதே ஹெட்ஃபோனில் கேட்கும் மைக் கருவிகளும் இருக்கின்றன; நான்கைந்து பட்டறைகள் சேர்ந்து ஒன்றை வாங்கினால்கூடப் போதும்.

பட்டறையில் வண்டியை விடும்போது எழுதப்படும் ஜாப் கார்டில் ‘அடியில் சத்தம்’ என்ற இரண்டு வார்த்தை போதாது. எந்த வேகத்தில் தொடங்குகிறது, மிதிக்கும்போதா விடும்போதா, எந்தப் பக்கம் வளைத்தால் கூடுகிறது, ஃபோர் வீலில் போட்டால் மாறுகிறதா, வெறும் வண்டியிலா லோடிலா, அதற்குச் சற்று முன்பு என்ன வேலை பார்க்கப்பட்டது, தண்ணீரில் இறங்கியதா என்ற கேள்விகள் அச்சிலேயே இருக்க வேண்டும். உரிமையாளரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டி, ‘இதுதான் நான் சொன்ன சத்தம்’ என்று அவர் வாயால் கேட்டுக்கொள்ள வேண்டும். அதே கார்டில் கண்டுபிடிப்புக் கூலி என்று ஒரு கட்டம் போட்டு, தொகையை எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே வண்டியின் அடியில் ஜாக்கி போக வேண்டும்.